ஃபைபர் லிங்க் போய்விட்டதா? மாட்யூலைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். லிங்க் போனதும் கை நேராக மாட்யூலுக்குத்தான் போகும், அதாவது ஸ்விட்சில் செருகி மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் சின்னத் துண்டுக்கு. பையில் இருக்கும் வேறு எஸ்எஃப்பி மாட்யூலை மாட்டுவார்கள். பச்சை விளக்கு வந்துவிட்டால், பழைய மாட்யூல் போச்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். பல நேரம் அந்த மாட்யூலுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கழற்றி மாட்டியதில் கனெக்டர் முகத்தில் இருந்த தூசி சற்று நகர்ந்திருக்கும். பத்து நாளில் அதே இடத்திலிருந்து மறுபடியும் போன் வரும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: எதையும் தொடாமல் மாட்யூல் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று வரும் மாட்யூல்களில் பெரும்பாலானவை தம் வெப்பநிலை, மின்னழுத்தம், லேசருக்குப் போகும் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி என ஐந்தையும் சொல்லும். டிடிஎம் என்பது இதைத்தான். ஸ்விட்சில் டிரான்ஸீவர் (மாட்யூலின் இன்னொரு பெயர்) விவரம் கேட்டால் வரும். லினக்ஸ் பெட்டியானால் எத்டூல் கட்டளை காட்டும். கழற்றி மாட்டிவிட்டால் அந்த எண் மாறிவிடும், தடயமும் போய்விடும்.

எண்ணைப் படிக்கும் விதம் இது. 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட் ஒளி. 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது. 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மைனஸ் 40 என்று காட்டினால் வெளிச்சமே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோமீட்டர் வகை 1ஜி (நொடிக்கு 1 கிகாபிட் வேகம்) மாட்யூல் பொதுவாக மைனஸ் 3 முதல் மைனஸ் 9.5 வரை அனுப்பும், மைனஸ் 19 வாக்கில் வந்தாலும் படித்துவிடும். அதே தூரத்துக்கான 10ஜி மாட்யூலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, மைனஸ் 14.4க்குக் கீழே போனால் நம்ப முடியாது.

இன்னொன்று, உங்கள் கண் சம்பந்தப்பட்டது. ஃபைபர் முனையையோ மாட்யூல் வாயையோ நேராக உற்றுப் பார்க்காதீர்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண்ணும் தானாக மூடாது. மொபைல் கேமராவில் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். 850 நானோமீட்டர் சில கேமராவில் தெரியும், 1310 தெரியாது. கேமராவில் இருட்டாக இருப்பதால் லேசர் அணைந்திருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. பவர் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

லிங்க் விளக்கு இரண்டு பக்கமும் எரியவில்லை

இரண்டு பக்கமும் வாங்கும் ஒளி மைனஸ் 40 என்றால், முதலில் ஜம்பரின் (மாட்யூலில் செருகும் சின்ன ஃபைபர் ஒயர்) இரண்டு தலைகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தின் அனுப்பும் வாய் மறுபக்கத்தின் வாங்கும் வாய்க்குப் போக வேண்டும். நடுவில் பேட்ச் பேனல் (கேபிள் முனைகள் வந்து நிற்கும் பலகை) இருந்து, யாராவது சுத்தம் செய்யக் கழற்றி மாட்டியிருந்தால், இது அடிக்கடி நடக்கும். எல்சி (மாட்யூலில் செருகும் சின்னக் கனெக்டர்) இரட்டைத் தலையின் கிளிப்பைத் திறந்து இடம் மாற்றலாம். ஒரு முனையில் மட்டும் மாற்றுங்கள். இரு முனையிலும் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள்.

ஒரே இழையில் போக வர இருக்கும் பைடி மாட்யூலானால் கேள்வி வேறு. அது ஜோடியாகத்தான் வரும். ஒன்று 1310இல் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது அதற்கு நேர்மாறு. நம் ஊரில் சிசிடிவி வேலைகளில் போடும் மீடியா கன்வர்ட்டரும் இப்படித்தான்: ஏ ஒரு பக்கம், பி மறுபக்கம். ஒன்று கெட்டுப்போய் கடையில் அவசரமாக வாங்கி வரும்போது இரண்டு பக்கமும் ஏ ஆகிவிடும். வாங்கப் போகிறவரிடம் பழைய பெட்டியின் லேபிளைப் படம் எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டு பக்கமும் ஒளி நன்றாக வருகிறது, ஆனால் லிங்க் வரவில்லை என்றால், கண்ணாடியை விட்டுவிட்டு கான்ஃபிகுக்கு வாருங்கள். போர்ட் ஷட்டவுனில் இருக்கிறதா? ஒரு பக்கம் 10ஜி, மறுபக்கம் 1ஜி மாட்யூலா? இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஈதர்நெட் செம்புக் கம்பியில் இருப்பதுபோல வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் ஃபைபர் மாட்யூலுக்கு இல்லை. 25ஜி இணைப்பானால் எஃப்இசி (வழியில் வரும் பிழையைத் திருத்தும் முறை) இரு பக்கமும் ஒரே வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் ஒளி எவ்வளவு இருந்தாலும் லிங்க் வராது.

மாட்யூல் மீது உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் லூப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன ஜம்பரால் அதே மாட்யூலின் அனுப்பும் வாயையும் வாங்கும் வாயையும் இணைத்தால், அனுப்பியது அங்கேயே திரும்பி வர வேண்டும். வாங்கும் ஒளி சரியாக வந்தால் மாட்யூல் பிழைத்தது. பைடியில் இந்தச் சோதனை செல்லாது. 40, 80 கிலோமீட்டர் மாட்யூல்களில் இதை நேரடியாகச் செய்யாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இருட்டு

1ஜி இணைப்பில் இதற்கு முதல் காரணம் ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது இரு பக்கமும் தாமாகப் பேசி இணைப்பு முறையை ஒத்துக்கொள்வது. ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆஃப் என்றால், ஆஃப் பக்கம் ஒளியைப் பார்த்ததும் லிங்க் வந்துவிட்டது என்கிறது. ஆன் பக்கம் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. புது ஸ்விட்சையும் பழைய மீடியா கன்வர்ட்டரையும் சேர்க்கும் இடத்தில் இதை நிறையப் பார்க்கலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள்.

அதுவும் சரி என்றால், இரண்டு கோரில் (போக ஒன்று, வர ஒன்று என இருக்கும் கண்ணாடி இழைகள்) ஒன்று மட்டும் ஒடிந்திருக்கலாம். சிவப்பு லைட் பேனாவை ஒவ்வொரு கோரிலும் அடித்துப் பாருங்கள். ஜாயின்ட் பாக்ஸுக்குள் பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள சின்ன இழை) ஒடிந்திருந்தால் அங்கேயே சிவப்பாக ஒளிரும்.

லிங்க் இருக்கிறது, ஆனால் இழுக்கிறது

இதுதான் நம்மை அதிகம் அலைக்கழிக்கும் அறிகுறி. விளக்கு பச்சை, பிங் போகிறது, ஆனால் பில் போட்டால் நிற்கிறது, கேமரா உறைகிறது. போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். சிஆர்சி (வழியில் கெட்டு வந்த தகவல் துண்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால், வரும் ஒளி கலங்கலாக வருகிறது என்று பொருள். எந்தப் பக்கம் சிஆர்சி ஏறுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு ஒளியைக் கொண்டுவரும் கோரில்தான் கோளாறு. இதைக் கவனிக்காமல் இரண்டு முனைக்கும் அலைந்தவர்கள் நிறையப் பேர்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட். அலுவலகத்திலிருந்து எடை மேடைக்கு 600 மீட்டர் ஃபைபர், 1ஜி. "அண்ணே, மூணாவது மாட்யூல் மாத்தியாச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது" என்று அங்கே கணினி பார்க்கும் தம்பி போன் செய்தார். போய்ப் பார்த்தால் வாங்கும் ஒளி மைனஸ் 17.8. ரேக்கின் உள்பக்கம், கேபிள் போட்ட நாளில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரில் பால்பாயின்ட் பேனாவால் மைனஸ் 6.5 என்று எழுதியிருந்தது. அந்தப் புண்ணியவானுக்கு நன்றி. 600 மீட்டரில் கண்ணாடி தானாக 11 டிபி தின்னாது. 1310இல் ஒரு கிலோமீட்டருக்கு 0.35 டிபி வாக்கில்தான் இழப்பு.

ஜம்பரைக் கழற்றி ஃபைபர் ஸ்கோப்பில் வைத்தோம். திரையில் சாம்பல் நிற வட்டம். அது 125 மைக்ரான் கண்ணாடி. அதன் நடுவில் 9 மைக்ரான் அளவுக்குச் சின்னப் புள்ளி, இழையின் அந்த மையத்துக்கும் கோர் என்றுதான் பெயர். மொத்த வெளிச்சமும் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். வட்டம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கருப்புத் துகள்கள் இறைந்து கிடந்தன. ஒன்று கோரின் மேலேயே பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. நம் தலைமுடியே கோரைவிடப் பல மடங்கு தடிமன். அந்த அளவோடு ஒப்பிட்டால், யூனிட்டின் மேசை மீது விரலால் கோடு போடும் அளவுக்குப் படிந்திருந்த தூசி இங்கே என்ன செய்யும் என்று புரியும்.

தம்பி சட்டை நுனியை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதுவும் ஃபைபர் கண்ணாடியும் ஏறத்தாழ ஒரே கடினம். உலர்ந்த துணியால் தேய்த்தால் துகள் முகத்தைக் கீறிக்கொண்டே போகும். தூசியைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க முடியாது. இந்த மாதிரி இடத்தில் முதலில் ஈரம், பிறகு உலர்வு. பஞ்சு உதிராத துடைப்பான் தாளில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு, ஃபெருலின் (தலைக்குள் இழையைத் தாங்கும் குழல்) முகத்தை ஈரத்தில் வைத்து உலர்ந்த பகுதியை நோக்கி ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. அதே இடத்தில் இரண்டாம் முறை வைக்கக் கூடாது. ஆல்கஹால் தானாகக் காயட்டும் என்று விட்டால் கறை தங்கும். உடனே உலர்த்திவிட வேண்டும். பிறகு மறுபடி ஸ்கோப்.

பலர் விடும் இடம் இனிமேல்தான். கையில் இருக்கும் தலையைத் துடைத்துவிட்டு மாட்டிவிடுவார்கள். இரண்டு தலைகளை எதிரெதிரே சேர்க்கும் கப்ளருக்குள்ளே எதிர்ப்பக்கம் இன்னொரு தலை இருக்கிறது. மாட்யூலின் வாய்க்குள்ளும் ஒரு முகம் இருக்கிறது. அவை அழுக்காக இருந்தால் சுத்தமான தலை மாட்டிய நொடியில் அழுக்காகும். அதற்குத்தான் பேனா வடிவ கிளீனர். எல்சிக்கு 1.25 மில்லிமீட்டர், எஸ்சி என்ற பெரிய தலைக்கு 2.5 மில்லிமீட்டர், ஃபெருலின் அளவு வேறு என்பதால் பேனாவும் வேறு. உள்ளே விட்டு அழுத்தினால் நூல் ஒரு சுற்று நகர்ந்து துடைக்கும்.

எல்லா முகமும் துடைத்தபின் மைனஸ் 6.9. சிஆர்சி எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், பூஜ்யமாகவே இருந்தது. கழற்றி ஓரமாகப் போட்டிருந்த இரண்டு பழைய மாட்யூல்களின் வாயையும் துடைத்து மாட்டிப் பார்த்தோம். இரண்டும் வேலை செய்தன. அவற்றில் டஸ்ட் கேப் இல்லை; மேசை டிராயரில் திறந்த வாயோடு கிடந்தன. மாட்யூலுக்கும் ஜம்பருக்கும் வரும் அந்தச் சின்ன ரப்பர் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். பைக்குள் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து வைத்தால் எப்போதும் உதவும். கப்பலூர் எஸ்டேட்டானாலும் சரி, பஞ்சு பறக்கும் மில்லானாலும் சரி, இதே முறைதான். துகள் மட்டும் வேறு.

புது ஜம்பர் போட்ட பிறகு ஒளி குறைந்துவிட்டது

தலையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் யுபிசி, பச்சை என்றால் ஏபிசி. ஏபிசியின் முகம் 8 டிகிரி சாய்த்து இழைக்கப்பட்டது. வீட்டு ஃபைபர் இணைப்பில் அதுதான் வரும். பச்சையை நீலத்தோடு சேர்த்தால் இரண்டு முகமும் ஒட்டாது, நடுவில் காற்று இடைவெளி நிற்கும். ஒளி சில டிபி போகும், திரும்பி வரும் ஒளியும் கூடும். எஸ்சியில் இரண்டும் ஒரே கப்ளருக்குள் நுழைந்துவிடுவதுதான் ஆபத்து. "உள்ளே போகுதே" என்று அழுத்தினால் முகமே சேதமாகலாம். எஸ்எஃப்பி மாட்யூலுக்கு வேண்டியது நீல எல்சி.

நிறம் சரியாக இருந்தால் அடுத்து ஜம்பரின் உடல் நிறம். மஞ்சள் சிங்கிள் மோட் (9 மைக்ரான் கோர்), ஆரஞ்சு பழைய மல்டிமோட் (50 அல்லது 62.5 மைக்ரான் கோர்), வெளிர் நீலப்பச்சை புது மல்டிமோட் வகைகளான ஓஎம்3 அல்லது ஓஎம்4. நடுவில் ஒரு துண்டு மட்டும் மாறியிருந்தால் விசித்திரமான அறிகுறி வரும்: ஒரு திசையில் ஒளி பரவாயில்லை, மறு திசையில் படுமோசம். 9 மைக்ரானிலிருந்து 50 மைக்ரானுக்குள் ஒளி எளிதாகக் கொட்டிவிடும். 50லிருந்து 9க்குள் நுழைய முயன்றால் பெரும்பகுதி வெளியே சிதறிவிடும். பெரிய குழாயிலிருந்து ஊசித் துளைக்குத் தண்ணீர் விடுவது மாதிரி.

பழைய கல்லூரி வளாகங்களில் இன்னும் 62.5 மைக்ரான் ஆரஞ்சு கேபிள் தரைக்கடியில் இருக்கிறது. 1ஜிக்கு ஓடியதை நம்பி 10ஜி எஸ்ஆர் (மல்டிமோடுக்கான குறுந்தூர வகை) மாட்யூல் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கேபிளில் அது 33 மீட்டர்தான் போகும். ஓஎம்3 ஆனால் 300, ஓஎம்4 ஆனால் 400.

மதியம் மட்டும் விழுகிறது, சாயங்காலம் தானாக வருகிறது

மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் ஸ்விட்ச் இருக்கிறதா? சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் வெளியே 40 டிகிரி என்றால் பூட்டிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாதாரண மாட்யூல் 0 முதல் 70 டிகிரி வரைதான் தாங்கும். அதுவும் மாட்யூலின் சொந்தச் சூடு, காற்றின் சூடு அல்ல. இண்டஸ்ட்ரியல் வகை மைனஸ் 40 முதல் 85 வரை தாங்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை, காலை ஆறு மணிக்கு ஒரு முறை டிடிஎம் எண்ணைக் குறித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

10ஜி செம்பு மாட்யூல் பக்கத்துப் போர்ட்டில் இருந்தால் அதை விலக்கி மாட்டுங்கள். அது நிறையச் சூடாகும், அண்டை வீட்டையும் சுடும். லேசருக்குப் போகும் மின்னோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அனுப்பும் ஒளி அப்படியே இருக்க, மின்னோட்டம் மாதாமாதம் ஏறினால் லேசர் மூப்படைகிறது. மாட்யூலை மாற்ற வேண்டிய நியாயமான இடம் இது.

ஸ்விட்ச் மாட்யூலையே ஏற்கவில்லை

ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் அது யார் தயாரிப்பு என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும். சில ஸ்விட்சுகள் தம் பிராண்டு இல்லாததைக் கண்டால் போர்ட்டை முடக்கிவிடும். ஸ்விட்சின் நிகழ்வுப் பதிவில் (லாக்) அப்படியே எழுதியிருக்கும். வாங்கும்போதே எந்த ஸ்விட்சுக்கு என்று சொல்லி அதற்கு எழுதப்பட்ட மாட்யூலாக வாங்குங்கள். 10ஜி மாட்யூலை 1ஜி போர்ட்டில் செருகினாலும் வடிவம் ஒன்று என்பதால் உள்ளே போகும், ஓடாது. 1ஜியை 10ஜி போர்ட்டில் போட்டால் பல ஸ்விட்சில் ஓடும்; வேகத்தை நாமே 1ஜி என்று வைக்க வேண்டியிருக்கும்.

மேசையில் சோதித்தால் வராது, தூரத்தில் வந்தது

80 கிலோமீட்டர் மாட்யூலைச் சின்ன ஜம்பரில் இணைத்தீர்களா? அது 0 முதல் 5 டிபிஎம் வரை அனுப்பும். எதிர்ப்பக்கம் மைனஸ் 3க்கு மேல் வந்தால் கூச்சத்தில் படிக்க முடியாது, வாங்கும் பகுதி நிரந்தரமாகக் கெடவும் கூடும். நடுவில் 10 டிபி அட்டென்யுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போடுங்கள். பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு என்றால் 10 கிலோமீட்டர் மாட்யூலே போதும். அதிக தூரம் போவது நல்லது என்று வாங்குவது காசுக்கும் கேடு, மாட்யூலுக்கும் கேடு.

வீட்டுப் பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பு

ஓஎன்டிக்கு, அதாவது வீட்டில் வைத்திருக்கும் ஃபைபர் பெட்டிக்கு, ஒளி வரவில்லை, அல்லது மிகக் குறைவு. ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பு முறை) வீட்டுப் பெட்டி சாதாரணமாக மைனஸ் 27 வரை படிக்கும். ஆனால் மைனஸ் 26இல் விட்டுவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு அழைப்பு வரும். பெட்டிக்குப் பின்னால் ஒயர் மடங்கிக் கிடக்கிறதா, அலமாரிக் கதவு நசுக்குகிறதா என்று வீட்டுக்காரரே பார்க்கலாம். பச்சைத் தலையைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

ஒரே இழை, ஒரு திசையில் மட்டும் ஒளி சரிந்துவிட்டது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை, அங்கிருந்து கீழவாசல் பக்கம் குடோன். ஒரே கோர், பைடி எஸ்எஃப்பி. சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் கடையில் லிங்க் ஆட ஆரம்பித்தது. குடோன் பக்கம் வாங்கும் ஒளி மைனஸ் 10, கடைப் பக்கம் மைனஸ் 21. முன்பு இரண்டுமே மைனஸ் 8 அருகில் இருந்தவை.

"கடைப் பக்கத்து மாட்யூலுக்குக் கண்ணு போச்சுண்ணே" என்றார் உடன் வந்தவர். இரண்டு முனையிலும் முகம் சுத்தம், ஸ்கோப்பில் பார்த்துவிட்டோம். குடோன் மாட்யூல் அனுப்பும் ஒளியும் குறையவில்லை. அப்படியானால் யோசிக்க வேண்டியது இது: போவதும் வருவதும் ஒரே கண்ணாடி. வேறுபடுவது அலைநீளம் மட்டும். கடை வாங்குவது 1550, குடோன் வாங்குவது 1310. ஃபைபரை இறுக்கி வளைத்தால் 1550தான் முதலில், அதிகமாக, வெளியே கசியும். 1310 அதே வளைவைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். அழுக்கோ மோசமான ஸ்ப்ளைஸோ (இரண்டு இழைகளை ஒட்டிய இடம்) இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்திருக்கும். 1550 மட்டும் 13 டிபி சரிந்திருந்தால் எங்கோ ஓர் இறுக்கமான வளைவு.

ஒளித் துடிப்பை அனுப்பி எத்தனை மீட்டரில் இழப்பு என்று கோடாகக் காட்டும் ஓடிடிஆரை 1310இல் ஒரு முறை, 1550இல் ஒரு முறை அடித்தோம். கடையிலிருந்து 140 மீட்டரில் 1550 கோட்டில் பெரிய படி. 1310 கோட்டில் அதே இடத்தில் சின்னதாக ஓர் இறக்கம். ஓடிடிஆர் சொல்வது கண்ணாடியின் நீளம், தெருவின் நீளம் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் சுற்றி வைத்திருக்கும் உபரி கேபிளைக் கழிக்க வேண்டும். கடை வாசலில் ஒரு சுற்று, மூலைக் கம்பத்தில் ஒரு சுற்று; கழித்தால் 110 மீட்டர் வாக்கில் வந்தது. அங்கே நிமிர்ந்து பார்த்தோம். தேர் போவதற்காக வீதியின் குறுக்கே போன கேபிளை இறக்கி, பிறகு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். ஏற்றியவர் மிச்சக் கேபிளை உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டி, நடுவில் இரண்டு கேபிள் டையை இழுத்து இறுக்கியிருந்தார். சுருளே எட்டு மாதிரி நசுங்கி நின்றது. சாதாரண ஜி652 ஃபைபருக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிக் கேபிளுக்கு இன்னும் பெரிய சுற்று வேண்டும்.

ஏணி வைத்து ஏறி இரண்டு டையையும் வெட்டினோம். கீழே கடையில் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போனில் எண்ணை வாசித்தார்: மைனஸ் 21, மைனஸ் 12, மைனஸ் 8.4. சுருளைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெரிதாக்கி, வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டிவிட்டு இறங்கினோம். கடை ரேக்கின் கதவில் 1310க்கு ஓர் எண், 1550க்கு ஓர் எண், கீழே தேதி என்று எழுதி ஒட்டினோம்.